இப்ராம்சா கடைப் பலகை

செண்பகனூரில் பாதிரிமார் கல்லூரி மதிலைத் தாண்டிக் காட்டுப்பாதை பிரிகிற முனையில் இப்ராம்சா ராவுத்தரின் கடை இருந்தது. அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், புகையிலை என்று மலைக்கு மேலே குடியிருக்கிறவர்களுக்கு வேண்டியதெல்லாம் அங்கே கிடைக்கும். அப்போது மலைக்கு மோட்டார் ரோடு வரவில்லை. அந்த அரிசியும் பருப்பும் பெரியகுளம் பக்கத்திலிருந்து ஆள் முதுகிலும் பொதிமாட்டிலும் ஏறி வந்தன.

கடையின் வெளிச்சுவரில் ஒரு பலகை அறைந்திருந்தது. பீங்கான் தட்டுகள் வந்த பெட்டியின் மூடி அது. அதில் வரிசையாகப் பதினேழு ஆணிகள்.

இரண்டு வருடங்களுக்கு முந்திய கார்த்திகை மாதத்தில் விறகுக்குப் போன இரண்டு பெண்கள் மஞ்சில் வழிதவறிப் போனார்கள். மலை மக்கள் மூடுபனியை மஞ்சு என்பார்கள். இவள் அவள் வீட்டில் தங்கியிருப்பாள் என்று இந்த வீட்டாரும், அவள் இவள் வீட்டில் இருப்பாள் என்று அந்த வீட்டாரும் நினைத்துக்கொண்டார்கள். மறுநாள் நடுப்பகலில்தான் இருவருமே வரவில்லை என்று தெரிந்தது. குளிரில் விறைத்துச் செத்துக் கிடந்த அவர்களை எடுத்து அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய அன்றைக்கே இப்ராம்சா பெட்டி மூடியைக் கழற்றி ஆணி அடித்தார். மறுநாள் விறகுக்குக் கிளம்பிய பெண்களை நிறுத்திச் சொன்னார்.

"ஆளுக்கு ஒரு அடையாளம் கொண்டாங்க தாயி. என்னமும் இருக்கட்டும். போறப்ப உங்க ஆணியில மாட்டிட்டுப் போங்க, வாறப்ப எடுத்துக்கங்க. கல்லூரியில ஆறு மணி அடிக்கிறப்ப எதாச்சும் ஒண்ணு ஆணியில கெடந்துச்சுன்னா நான் கொம்ப ஊதுவேன். ஆம்பளைக லாந்தரைத் தூக்கிக்கிட்டு வந்துரணும். எந்தச் சாதி, எவன் பொண்டாட்டின்னு கேக்கப்படாது."

பெண்கள் சிரித்தார்கள். ஆனாலும் கொண்டுவந்தார்கள். ஒருத்தி கிழிந்த தோல்வாரில் ஒரு துண்டு, ஒருத்தி கண்ணாடி வளையல், ஒருத்தி மாட்டுக்குக் கட்டின சோழி. அழகம்மாள் உடைந்த கரண்டிக் காம்பைக் கொண்டுவந்து மாட்டினாள்.

"ஏன்டி அழகு, கரண்டிய ஒடச்சது உம் புருசன் மண்டையிலயா?" என்று கேட்டாள் வடிவு.

"அவரு மண்டையில அடிச்சா கரண்டி மட்டுமா ஒடையும், பிடிச்ச கையும்ல ஒடையும்" என்றாள் அழகம்மாள்.

வடிவின் அடையாளம் ஒரு சிறு வெண்கல மணி. அவள் வளர்த்த ஆட்டுக்குட்டியின் கழுத்தில் கிடந்தது. குட்டியைச் செந்நாய் கொண்டுபோன பிறகு மணியை மட்டும் வைத்திருந்தாள். பிள்ளை இல்லாத வீடு. புருஷன் சின்னச்சாமி சுமை தூக்குகிறவன். வாரத்தில் நான்கு நாள் கீழே இருப்பான்.

அந்த இரண்டு வருடத்தில் கொம்பு பதினோரு தடவை ஊதியது. பதினோரு தடவையும் போனவர்கள் ஆளோடு திரும்பினார்கள். ஒரு தடவை, தேடப்பட்ட பெண்ணோடு கூடவே, கல்லூரியில் படிக்கிற வெள்ளைக்காரச் சாமியார் ஒருவரும் வந்து சேர்ந்தார். செடிகொடி பார்க்கப் போய் மஞ்சில் மாட்டிக்கொண்டவர், கொம்புச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்துவிட்டார். அவர் இப்ராம்சாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, தெரிந்த கொஞ்சத் தமிழில், "ஐயா, உம்ம கொம்பு நல்ல கொம்பு" என்றார். அதைச் சொல்லிச் சொல்லி ஊர் ஒரு மாதம் சிரித்தது.

ஆனால் பலகையில் ஒரு சங்கடம் இருந்தது. அது எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி இருந்தது. சர்க்கார் காட்டில் மூன்று மணிக்கு மேல் யாரும் நிற்கக்கூடாது என்று உத்தரவு. காட்டுக் காவலர் சேனாதிபதி சாயங்காலம் சுற்றிவிட்டு வந்து கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு லோட்டா சுக்குக் காப்பி குடிப்பார். குடித்துக்கொண்டே பலகையைப் பார்ப்பார். எந்த ஆணியில் எது கிடக்கிறதோ அந்தப் பெண் இன்னும் உள்ளே இருக்கிறாள் என்று அர்த்தம். முதல் தரமானால் அரிவாளைப் பிடுங்கிக்கொள்வார். மறுதரமானால் கச்சேரிக்குப் போய் அபராதம் கட்ட வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலே ஒருவர் இருந்தார், அவருக்கு மேலே இன்னொருவர்.

ஆகவே பெண்கள் தங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். காவலர் வருவதைக் கண்டால், முதலில் காண்கிறவள், உள்ளே இருக்கிறவர்களுடைய அடையாளங்களைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் எழுந்து போனதும் திரும்ப மாட்டிவிட வேண்டும். இதை இப்ராம்சாவிடம் சொல்லவில்லை. அவர் பொய் சொல்லாதவர். காவலர் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார். சொல்லிவிட்டுப் பிறகு வருத்தப்படுவார். அந்த வருத்தம் அவருக்கு எதற்கு என்று நினைத்தார்கள். நல்ல மனிதருக்குச் செய்கிற உபகாரம் என்றே நினைத்தார்கள்.

அது ஒரு வியாழக்கிழமை. காலையிலிருந்தே வானம் சரியில்லை. மூன்று மணிக்கு மற்றப் பெண்கள் எல்லாரும் கட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். வடிவு மட்டும் நின்றாள்.

"நீங்க முன்னால போங்கடி. அந்த ஓடைக்கு அங்கிட்டு ஒரு காஞ்ச மரம் சாஞ்சு கெடக்கு. இன்னொரு கட்டு சேத்துக்கிட்டு வாறேன்."

"வேணாம்டி, மஞ்சு எறங்குது பாரு" என்றாள் அழகம்மாள்.

"நாளைக்கு அவரு வாறாரு. உப்புச் சுமை. மலை ஏறி வந்தா காலு ரெண்டும் பூசணிக்கா மாதிரி வீங்கிப் போவுது. ரெண்டு பானை வெந்நி வைக்கணும். ஈர வெறகுல எப்பிடி வைக்க? நீ போ, நான் வெரசா வந்துருதேன்."

அழகம்மாளுக்கும் வீட்டில் வேலை இருந்தது. வந்துவிட்டாள்.

ஐந்து மணிக்கு மண்ணெண்ணெய் வாங்க அவள் கடைக்கு வந்தபோது பலகையில் வடிவின் வெண்கல மணி ஒன்றுதான் கிடந்தது. தூறல் ஆரம்பித்திருந்தது. இப்ராம்சா உள்ளே மூட்டைகளை நனையாத இடத்துக்கு நகர்த்திக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் வளைவில் சேனாதிபதியின் தலைப்பாகை தெரிந்தது.

வடிவின் அரிவாள் போன மாதம்தான் பறிபோயிருந்தது. இது மறுதரம். அழகம்மாள் யோசிக்கவே இல்லை. மணியைக் கழற்றினாள். அது கிணுங்காதபடி முந்தானை நுனியை அதற்குள் திணித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சேனாதிபதி வந்து உட்கார்ந்தார். பலகையைப் பார்த்தார். "என்ன, இன்னைக்கு எல்லாம் ஒழுங்கா வந்துட்டாளுக போல!"

"உங்களுக்குப் பயந்துதான் வந்துட்டோமுங்க" என்றாள் அழகம்மாள்.

"எனக்கு எவ பயந்தா? எம் பொண்டாட்டியே பயப்படல."

தூறல் மழையாயிற்று. சேனாதிபதி எழுந்து போகவில்லை. காப்பி குடித்து முடித்து, புகையிலை போட்டு, மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழகம்மாள் கூரை இறவாரத்தின் கீழே மண்ணெண்ணெய்ப் புட்டியோடு நின்றாள். இவர் போகட்டும், போனதும் மாட்டிவிடலாம் என்று நின்றாள்.

அப்போது கீழே ஓடைப் பக்கத்துப் பாதையில், மஞ்சுக்குள், தலைச்சுமையோடு ஒரு பெண் போவது நிழல்போலத் தெரிந்தது. காவி நிறச் சேலை. வடிவின் சேலையும் காவிதான். காவலர் கடையில் இருந்தால் பெண்கள் அந்தக் கீழ்ப்பாதையாகத்தான் நழுவுவார்கள். வடிவின் வீடும் அந்தப் பக்கம்தான். அழகம்மாளின் மனம் நிம்மதியாயிற்று. 'கெட்டிக்காரி, தப்பிச்சுட்டா' என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

கல்லூரியில் ஆறு மணி அடித்தது. இப்ராம்சா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். பலகையைப் பார்த்தார். வெறும் ஆணிகள். ஆனாலும், ஒவ்வொரு நாளும் கேட்பதுபோல, அங்கே நின்றவளிடம் கேட்டார்.

"எல்லாரும் வந்தாச்சா தாயி?"

சேனாதிபதி திரும்பிப் பார்த்தார்.

"வந்தாச்சு மாமா" என்றாள் அழகம்மாள்.

"ஆண்டவனுக்குப் புகழ்" என்று சொல்லிவிட்டு அவர் தொழுகைக்கு உள்ளே போனார்.

மழை கொஞ்சம் விட்டதும் அழகம்மாள் வீட்டுக்கு நடந்தாள். வடிவின் வீட்டுக்குப் போய் மணியைக் கொடுத்துவிட்டு வரலாமா என்று நினைத்தாள். கால் மைல் தூரம். ஓடையைத் தாண்ட வேண்டும், தண்ணீர் ஏறியிருக்கும். காலையில் கொடுத்துக்கொள்ளலாம், கொடுக்கும்போது இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்தாள்.

மனிதர் செய்கிற பாவங்களில் பெரும்பாலும் பகை இருப்பதில்லை. ஒரு கால் மைல் நடக்காமல் விட்டதுதான் இருக்கிறது.

மறுநாள் வெள்ளென அவள் போனாள். வடிவின் வீட்டுக் கதவு வெளியே கயிறு போட்டுக் கட்டியபடி இருந்தது. கூரையில் புகை இல்லை. வாசலில் முந்தினநாள் மழை தேங்கி, அதில் ஒரு காலடிகூட இல்லை. நேற்றுக் கீழ்ப்பாதையில் போனவள் வேறு யாரோ. அவள் அங்கே நின்று இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு திரும்பிக் கடைக்கு ஓடிவந்தாள்.

"மாமா, கொம்ப ஊதுங்க! வடிவு வீட்டுல இல்ல!"

இப்ராம்சா ஏன், எப்படி என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. கொம்பை எடுத்து ஊதினார். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஆண்கள் கூடினார்கள். கல்லூரித் தோட்டத்திலிருந்து நான்கு பேர் வந்தார்கள். சேனாதிபதியும் வந்தார்; காடு அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். "ஏலே, ரெண்டு பேரு ஓடைக்கு அங்கிட்டுப் போங்க. கல்லு வழுக்கும், பாத்து" என்று அவரே பிரித்து அனுப்பினார்.

ஓடைக்கு அப்பால், சாய்ந்த மரத்துக்குக் கீழே ஒரு பள்ளத்தில் அவளைக் கண்டார்கள். கால் முறிந்திருந்தது. சும்மாட்டுத் துணியை அவிழ்த்து அவளே இறுக்கிக் கட்டியிருந்தாள். விழுந்த இடத்திலிருந்து பத்து முழம் மேலே நகர்ந்து வந்திருந்தாள். இரண்டு கைகளின் நகங்களிலும் மண். ஒரு பாறையில் சாய்ந்து, பாதைப் பக்கம் முகத்தை வைத்து உட்கார்ந்திருந்தாள். உடம்பு குளிர்ந்து விறைத்துப் போயிருந்தது.

இப்ராம்சா குனிந்து அவள் கண்களை மூடினார். "கொம்புக்குக் காத்திருந்திருக்கா" என்றார்.

கம்பளியில் சுற்றி மரக்கொம்பில் கட்டித் தூக்கி வந்தார்கள். பாதை முனைக்கு வரும்போது, கீழேயிருந்து சின்னச்சாமி உப்புச் சுமையோடு ஏறி வந்துகொண்டிருந்தான். எதிரே வந்த கூட்டத்தைப் பார்த்தான். கம்பளிக்கு வெளியே தெரிந்த காலைப் பார்த்தான். சுமையைத் தடாலென்று போடவில்லை. சுமைக்காரர்கள் செய்வதுபோலவே மெதுவாகக் குனிந்து, மேட்டில் சாய்த்து, சுமையைத் தாங்கிய நெற்றிப் பட்டையைக் கழற்றி வைத்தான். அதன் பிறகுதான் உட்கார்ந்தான்.

அடக்கம் முடிந்த சாயங்காலம் அவன் கடைக்கு வந்தான். எப்போதும் மாமா என்று அழைக்கிறவன் அன்றைக்கு அழைக்கவில்லை.

"உன் பலகைய நம்பித்தானே ராவுத்தரே அவ நின்னா. மஞ்சு வந்தாலும் மாமா இருக்காரு, ஊதுவாருன்னு சொல்லுவா. அந்த ஒரு சோலிய ஒழுங்காப் பாக்கலியே நீ."

"ஆமா தம்பி" என்றார் இப்ராம்சா.

"தொழுகப் போயிட்டியா? யாவாரம் பாத்தியா?"

"எம் பொறுப்புதான் தம்பி. எம் பொறுப்புதான்."

கூட்டத்தில் அழகம்மாள் நின்றுகொண்டிருந்தாள். மணி அவள் இடுப்பிலேயே இருந்தது. அதைக் கையால் பொத்திக்கொண்டாள். சின்னச்சாமி போய்விட்டான். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக, ராவுத்தர் முகத்தைப் பார்க்காமல் போனார்கள்.

அன்றிலிருந்து யாரும் பலகையில் எதையும் மாட்டவில்லை. அடுப்பு எரிய வேண்டுமே, காட்டுக்குப் போவது நிற்கவில்லை. கடையைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். "அது கெடக்கட்டும்டி, ஒரு உசிர வாங்கின பலகை" என்று ஒருத்தி சத்தமாகவே சொன்னாள்.

ஆறு மணி அடித்ததும் இப்ராம்சா வெளியே வந்து வெறும் பலகையைப் பார்ப்பார். பிறகு கொம்பை எடுத்து ஊதுவார். ஒவ்வொரு நாளும் ஊதினார். ஊதிவிட்டு லாந்தரை எடுத்துக்கொண்டு தனியாகக் காட்டுப்பாதையில் ஓடைவரை நடந்து, நின்று, கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வருவார். மற்ற ஆண்கள் யாரும் வருவதில்லை. அவருக்கு ஐம்பத்தெட்டு வயது, மூச்சிரைப்பு உண்டு.

அவர் மனைவி ஆமினா ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டாள். "பதினேழு ஆணியும் வெறுசாக் கெடக்கு. யாருக்கு ஊதுறீக? பைத்தியம்னு பேசுறாக ஊருல."

"வெறுசாக் கெடக்கதுனாலதானே ஊதுறேன். உள்ள யாரு இருக்கான்னு எனக்குத் தெரியலியே" என்றார் அவர்.

பக்கத்து மூங்கில் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த அழகம்மாள் அதைக் கேட்டாள். குடம் நிறைந்து வழிந்துகொண்டே இருந்தது.

வடிவு செத்த ஒன்பதாம் நாள், காலையில் கடை திறக்கிற நேரத்தில், அவள் வந்து மணியை எடுத்து இப்ராம்சாவின் முன்னால் வைத்தாள்.

"மாமா, இது பலகையில கெடந்துச்சு. நான்தான் எடுத்தேன்."

இப்ராம்சா அதைத் தொடவில்லை. "தெரியும் தாயி" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னைக்குக் காலையில அவ மாட்டுறப்ப கிணுங்குச்சு, கேட்டேன். சாயந்தரம் பலகையில இல்ல. வடிவும் வரல. நீ வந்தாச்சுன்னு சொன்னே. பெஞ்சுல அந்த ஆளு இருந்தாரு. அப்புறம் யோசிச்சேன், தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா அத்தனை பேச்சுக் கேட்டீக? ஏன் மாமா சொல்லல?"

"என்னன்னு சொல்ல? நீ அவளக் காப்பாத்தத்தானே எடுத்தே. அத நான் எடுத்துச் சொன்னா கேக்கிறவுகளுக்குக் கொன்னதாத்தான் காதுல விழும்." அவர் பலகைப் பக்கம் பார்த்தார். "என்னையப் பேசுறது பேசட்டும் தாயி. எனக்கு ஒண்ணும் கொறஞ்சு போகல. இந்தப் பொம்பளைக ஒண்ணையும் மாட்டாமப் போறாளுகளே, அதுக்கு என்ன செய்யன்னுதான் தெரியல. தை பொறக்க இன்னும் ஒண்ணரை மாசம் மஞ்சு இருக்கு."

சின்னச்சாமியிடம் போய்ச் சொல் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அழகம்மாள் மணியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். ஓடையைத் தாண்டினாள். இப்போது தண்ணீர் கணுக்கால் அளவுதான் இருந்தது. அன்றைக்குத் தாண்டாத ஓடை. அக்கரையில் ஒரு நிமிடம் நின்று, பிறகு நடந்தாள்.

சின்னச்சாமி வாசலில் உட்கார்ந்து நெற்றிப் பட்டையைத் தைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, ராவுத்தர் மேல தப்பு இல்ல. பலகையில மணி கெடந்துச்சு. காவக்காரரு வந்தாரேன்னு நான்தான் எடுத்து ஒளிச்சேன். எல்லாரும் வந்தாச்சான்னு அவரு கேட்டாரு. நான்தான் வந்தாச்சுன்னு சொன்னேன்."

அவன் ஊசியை நிறுத்தினான். அவள் நீட்டிய மணியைப் பார்த்தான்.

"நீ எடுக்கலேன்னா அன்னைக்கே போயிருப்பாகளா?"

"போயிருப்பாக அண்ணே."

"உசிரோட இருந்திருப்பாளா?"

அழகம்மாளுக்கு இல்லை என்று சொல்ல ஆசையாக இருந்தது. அது அவனுக்கும் ஆறுதல், அவளுக்கும் ஆறுதல். ஆனால் ஒரு பொய்க்கு என்ன விலை என்று அவள் பார்த்துவிட்டாள்.

"இருந்திருப்பா" என்றாள்.

அவன் மணியை வாங்கிக்கொண்டான். "போயிரு" என்றான். "எங் கண்ணு முன்னால நிக்காத. போயிரு."

அவள் போனாள். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. கடை முனைக்கு வந்து, விறகுக்குக் கிளம்பி வந்த பெண்களை ஒவ்வொருத்தியாக நிறுத்தி, அன்று காலையிலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த சேனாதிபதியும் கேட்கும்படியாக, அதையே திரும்பச் சொன்னாள். ஒருத்தி காறித் துப்பினாள். ஒருத்தி, "நாங்களும்தானேடி எடுத்து ஒளிச்சோம், அன்னைக்கு நீ நின்னே, அம்புட்டுதான்" என்று சொல்லி அழுதாள்.

சேனாதிபதி லோட்டாவைக் கீழே வைத்தார். "எனக்குப் பயந்தா?" என்று கேட்டார். அவர் எழுந்து இப்ராம்சாவிடம் போனார்.

"ராவுத்தரே, என்னைய வேலைய விட்டு நிக்கச் சொன்னா நிக்க முடியாது. நாலு பொட்டப் புள்ளைக. உத்தரவ மாத்தவும் எனக்கு அதிகாரம் கெடையாது. ஆனா ஒண்ணு முடியும். இனிமே ஆறு மணி அடிச்சு முடியிற வரைக்கும் நான் இந்தப் பக்கமே வரமாட்டேன். இந்தப் பலகை எங் கண்ணுக்குத் தெரியாது. புள்ளைக மேல சத்தியம்."

அவர் அந்த வாக்கைக் காப்பாற்றினார். நனைந்துகொண்டு கல்லூரி மதிலோரம் மணி அடிக்கும்வரை அவர் நிற்பதைப் பலர் பார்த்திருக்கிறார்கள்.

அடுத்த நாள் நான்கு அடையாளங்கள் ஆணியில் ஏறின. அடுத்த வாரம் பன்னிரண்டு. வடிவின் ஆணி மட்டும் வெறுமையாக நின்றது. அதில் வேறு யாரும் எதையும் மாட்டவில்லை.

சின்னச்சாமி இப்ராம்சாவிடம் வந்து ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து எழுந்து போனான். அவர் அதற்குள் இருந்த மன்னிப்பைப் புரிந்துகொண்டார். ஆனால் அழகம்மாளோடு அவன் பேசவில்லை. எதிரே வந்தால் பாதையை விட்டு இறங்கி, அவள் போகும்வரை முதுகைக் காட்டி நின்றான். அவள் அதைத் தன் பங்கு என்று வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தன் கட்டிலிருந்து பாதி விறகை, அவன் இல்லாத நேரம் பார்த்து, அவன் வாசலில் வைத்துவிட்டு வந்தாள். காய்ந்த விறகாகப் பார்த்து வைத்தாள். அவன் அதை எரிக்கவும் இல்லை, எறியவும் இல்லை. அது அங்கேயே அடுக்காகக் கிடந்தது.

மார்கழி பாதியில் ஒரு சாயங்காலம் மஞ்சு சொல்லாமல் வந்தது. அழகம்மாள் கட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது முன்னே போனவர்களின் குரல் கேட்கவில்லை. பத்தடி நடந்தாள், பாதை காலுக்குக் கீழே இல்லை. எந்தப் பக்கம் பள்ளம், எந்தப் பக்கம் மேடு என்று தெரியவில்லை. கட்டைக் கீழே போட்டுவிட்டு ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. இப்படித்தானே அவள் உட்கார்ந்திருந்திருப்பாள் என்று நினைத்தாள். தன்னைத் தேட யாரும் வராமல் போனாலும் அது நியாயம்தான் என்று அவளுக்குத் தோன்றியது. ஆண்டவனிடம் கேட்கக்கூட அவளுக்கு வாய் வரவில்லை.

தூரத்தில் ஆறு மணி அடித்தது. உடனே கொம்பு ஊதியது.

அவள் அந்தச் சத்தம் வந்த பக்கம் திரும்பி, "இங்கே, இங்கே" என்று கத்தினாள். கொம்பு விட்டு விட்டு ஊதிக்கொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்து மஞ்சுக்குள் ஒரு மஞ்சள் வெளிச்சம் அசைந்து வந்தது. ராவுத்தர் மாமாதான் என்று நினைத்து அவள் அழத் தொடங்கினாள்.

வெளிச்சம் அருகில் வந்து நின்றது. லாந்தருக்குப் பின்னால் இருந்தது சின்னச்சாமி.

அவன் அன்று மத்தியானம்தான் மலையேறி வந்திருந்தான். வீங்கிய கால்களில் துணி சுற்றியிருந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. லாந்தரைத் தாழ்த்தி, அவள் கால் இரண்டும் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தான். கீழே கிடந்த விறகுக் கட்டைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டான். திரும்பி நடந்தான்.

அவள் பின்னால் நடந்தாள். "அண்ணே" என்று ஒரு தடவை சொன்னாள். அவன் திரும்பவில்லை. ஓடைவரை இருவருக்கும் இடையில் ஒரு வார்த்தையும் இல்லை.

ஆனால் வழுக்குகிற கல் ஒவ்வொன்றும் வந்தபோது அவன் நின்றான். கையைப் பின்னால் நீட்டி, லாந்தரைத் தரையோடு தாழ்த்திப் பிடித்து, அவள் கால் அந்தக் கல்லில் ஊன்றி நிற்கிற ஓசை கேட்கும்வரை காத்திருந்து, பிறகு நடந்தான்.